பத்தடி வண்டி, பச்சை ஒயர்

“அதெல்லாம் சொந்த வீடு வச்சிகினு கீறவன் ஓட்டற வண்டி பா. நமக்கு எதுக்கு?”

சின்ன எலக்ட்ரிக் கார் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னதும், கீழ் போர்ஷனில் இருக்கும் ஆட்டோ ஓட்டும் அண்ணன் சொன்னது இது. கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அந்த நாட்களில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பாட்டரி எட்டு வருடத்தில் போய்விடும் என்றார் ஒருவர். திருப்பி விற்கப் போனால் ஒருத்தனும் தொடமாட்டான் என்றார் இன்னொருவர். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்காத ஆளே இல்லை. இதற்கெல்லாம் ஏதோ ஒரு பதில் இருந்தது. அண்ணன் சொன்னதற்கு மட்டும் பதில் இல்லை. நானும் அவரைப் போலவே வாடகைக்கு இருப்பவன்தான். புது வண்ணாரப்பேட்டையில் ஐந்து குடித்தனம் உள்ள ஒரு பழைய வீட்டின் மாடி போர்ஷன் எங்களுடையது. வண்டி வந்து, ஓடி, ஒரு மழைக்காலத்தையும் பார்த்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கிளியரிங் வேலை, துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் முடித்து வெளியே எடுத்துக் கொடுப்பது. ஆபீஸ் பாரிமுனையில். கஸ்டம் ஹவுஸ் ராஜாஜி சாலையில். கன்டெய்னர் பெட்டி இறக்கி வைக்கும் சி.எஃப்.எஸ். யார்டுகள் மணலி, மாதவரம், திருவொற்றியூர் என்று நாலா பக்கமும் கிடக்கின்றன. காலையில் பேப்பர் வேலை, மதியத்துக்கு மேல் யார்டு. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகாது. இத்தனை வருடமும் பைக்கில்தான் போய் வந்தேன். டிரெய்லர்களுக்கு நடுவே பைக் ஓட்டுவது என்ன என்று எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு முறை போய் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் தினமும் பயந்துகொண்டே இருந்தார்கள். கார் என்று முடிவானது அந்தப் பயத்தால்தான். எலக்ட்ரிக் என்று முடிவானது வீட்டு வாசலால்.

எங்கள் வீட்டு முன்பக்கத்தில், கேட்டுக்கும் முதல் போர்ஷன் படிக்கும் நடுவே, முன்பு அடிபம்பு இருந்த இடம் காலியாகக் கிடந்தது. டேப் பிடித்து அளந்தேன். நீளம் பதினோரு அடி சொச்சம். டாடாவின் எலக்ட்ரிக் கார் டியாகோ ஈவி பன்னிரண்டு அடியைத் தாண்டும், உள்ளே போனால் கேட் மூடாது. எம்ஜி காமெட் என்ற சின்ன எலக்ட்ரிக் காரின் நீளம் 2,974 மில்லிமீட்டர். பத்தடிக்குள் முடிந்துவிடுகிறது. அகலம் 1,505 மில்லிமீட்டர், ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டே கதவு, நாலு பேர் உட்காரலாம், 12 இன்ச் சக்கரம். பாட்டரி 17.3 கிலோவாட் ஹவர், கம்பெனி சொல்லும் தூரம் 230 கிலோமீட்டர். ஏசி போட்டுக்கொண்டு நம் ஊர் வெயிலில் ஓட்டினால் எனக்கு 160, 170 வருகிறது. என் தேவைக்கு அது தாராளம். ஆக, எங்கள் வாசலுக்குள் நிற்கக்கூடிய வண்டி என்று கடைசியில் மிஞ்சியது அதுதான். பெட்ரோலா கரண்ட்டா என்று உட்கார்ந்து யோசிக்கும் நிலைக்கே நான் போகவில்லை.

ரோட்டில் கேட்டவை

வண்டி வந்த பிறகு சிக்னலில், டீக்கடையில், யார்டு வாசலில் பேச்சுக் கொடுக்காதவர்கள் குறைவு. எலக்ட்ரிக் வண்டிக்கான பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கண்ணாடியைத் தட்டிக் கேட்பார்கள். ஓட்டுகிறவர்களும் பதிலுக்குத் தங்கள் கதையைச் சொல்வார்கள். அப்படிக் கேட்டதில் மனதில் நின்றவை மட்டும் இங்கே.

முதலில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் டிரெய்லர் வரிசை கட்டிவிட்டால் காசிமேட்டிலிருந்து பின்னால் எவ்வளவு தூரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி. கியர் வண்டியில் இந்த வரிசையில் மாட்டினால் வீட்டுக்கு வந்து படியேறும்போது இடது முழங்கால் பேசும். என்னோடு வேலை செய்யும் ஒருவர் கிளட்ச் மிதித்து மிதித்தே முட்டிவலிக்காரர் ஆனவர். இந்த வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே வேகம் குறைந்து, போகிற வேகத்தைத் திரும்பக் கரண்ட்டாக்கிப் பாட்டரிக்குள் விடுகிறது. நின்று நின்று போகும் ரோட்டில் பெட்ரோல் வண்டியின் மைலேஜ் விழும். இதில் அவ்வளவு விழுவதில்லை. வரிசையில் நிற்கும்போது என்ஜின் சத்தமும் சூடும் இல்லாததால் மனிதனுக்குக் கோபம்கூடக் குறைவாக வருகிறது. வடசென்னை டிராஃபிக்குக்கு ஒரு வண்டி வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். குறுகலான தெரு, குறைந்த தூரம், நின்று நின்று போகும் ரோடு மூன்றுக்கும் இது பொருந்துகிறது.

டிரெய்லர் ஓட்டும் ஒருவர் சொன்னது வேறு மாதிரி. யார்டு வாசலில் டீ குடித்துக்கொண்டே என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “தம்பி, கோச்சிக்காத. உன் வண்டி என் லெப்ட் கண்ணாடியில தெரியவே தெரியாது. பைக்காரன் வந்தா சத்தமாவது கேக்கும். நீ வர்றது சத்தமும் இல்ல. என் பக்கத்துல வராத, முன்னாடி போ, இல்ல பின்னாடி நில்லு.” இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். டிரெய்லரின் இடது பக்கம் ஒட்டிப் போவதே இல்லை. முந்த வேண்டியிருந்தால் ஹாரன் அடித்து, டிரைவர் முகம் கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் முந்துகிறேன். சின்ன வண்டி வாங்குகிறவர்களுக்கு ஷோரூமில் சொல்லாத, ஆனால் இந்தப் பக்கத்தில் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது. மழை பெய்து ரோடு பெயர்ந்த பிறகு 12 இன்ச் சக்கரத்தோடு மணலி பக்கம் போவதும் நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம்தான். பள்ளம் ஒவ்வொன்றும் முதுகுத்தண்டு வரை வரும்.

டாக்ஸி ஓட்டும் ஒரு தம்பி, பெரம்பூர்க்காரர். அவர் ஓட்டுவது எலக்ட்ரிக் செடான், கம்பெனி வண்டி. வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். “வண்டி தங்கம்ணே, சார்ஜர்தான் தகராறு” என்றார். வேகமாக ஏறும் சார்ஜரில் போட்டாலும் முக்கால் மணி, ஒரு மணி நேரம். முன்னால் இரண்டு வண்டி நின்றால் அந்த நேரமும் சேர்த்தி. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு சவாரி போயிருக்கும். வெளியில் யூனிட் பதினெட்டு, இருபது ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. வீட்டில் போட்டால் பாதிக்கும் கீழே முடியும். ஏன் வீட்டில் போடுவதில்லை என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரிந்ததுதான். அவர் இருப்பது ஜமாலியா பக்கம் ஒரு சந்தில். வண்டி நிற்பது மெயின் ரோட்டில்.

டீச்சர் ஒருவர், என் மகள் படிக்கும் பள்ளியில் வேலை செய்கிறவர். சொந்த ஃபிளாட் வாங்கி, காருக்கு இடமும் பத்திரத்தில் எழுதி வாங்கியவர். பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓட்ட இதே அளவு வண்டி பார்த்தார். அசோசியேஷன் சம்மதிக்கவில்லை. கீழே சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும், பொது மீட்டரில் லோடு ஏறும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். சொந்த வீடு இருந்தும் முடியவில்லை. அண்ணன் சொன்ன வார்த்தை அங்கேயே கொஞ்சம் ஆட்டம் கண்டது எனக்கு. வீடு யாருடையது என்பதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது. சுவர் யார் கையில், மீட்டர் யார் பெயரில் என்பது.

மீட்டர் யார் பெயரில்

எங்கள் வீட்டில் ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்து மின்வாரியத்தின் போர்டு மீட்டர் இரண்டு. மற்றதெல்லாம் ஹவுஸ் ஓனர் அம்மா வைத்திருக்கும் சப் மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை போட்டு வாங்கிக்கொள்வார். இந்த ஊரில் வாடகைக்கு இருக்கும் யாருக்கும் இது புதிதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமில்லை, கீழே உள்ளவற்றுக்கும் கணக்கு மாறும். 1,000 தாண்டினால் யூனிட் பன்னிரண்டு ரூபாயை ஒட்டி வந்துவிடும்.

கணக்கை நான் முதலிலேயே போட்டு வைத்திருந்தேன். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 யூனிட் ஆகும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 120 யூனிட், ஒரு பில்லுக்கு 240. இந்த 240 யூனிட்டும் பில்லின் தலையில்தான் போய் உட்காரும், அடியில் உட்காராது. இருப்பதிலேயே கூடுதல் விலையில்தான் அது விழும். அப்படி 12 ரூபாய் வைத்தே பார்த்தாலும் நூறு கிலோமீட்டருக்கு 144 ரூபாய். சின்னப் பெட்ரோல் கார் நம் ஊர் நெரிசலில் லிட்டருக்குப் பதினாலு கொடுத்தால், பெட்ரோல் நூறு ரூபாய் விற்கும் ஊரில் அதே தூரத்துக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல். எப்படித் திருப்பிப் போட்டாலும் லாபம்தான். 2025 செப்டம்பரில் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதில் வாங்கும் விலையில் இடைவெளி கூடியது உண்மை. ஆனாலும் தினமும் ஓடுகிறவனுக்கு ஓட்டும் செலவில் அது திரும்பி வந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் கோயிலுக்குப் போக வண்டி வாங்குகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

கணக்கைப் பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு ஓனர் அம்மாவிடம் போனேன். கார் பாயிண்ட்டுக்குத் தனியாக ஒரு சப் மீட்டர், பில்லில் கடைசி ஸ்லாப் என்ன விலையோ அதே விலையை நான் தருகிறேன், ஒரு ரூபாய்கூட மற்ற குடித்தனத்தின் மேல் விழாது என்றேன். பேப்பரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “காசு இல்ல தம்பி பிரச்சினை. ராத்திரி பூரா கரண்ட் ஓடும்ன்ற. ஸ்கூட்டர்லாம் பத்தி எரியுதுன்னு டிவில காட்றான். கொழந்தைங்க தூங்கற வீடு.” அவர் சொன்னதில் தப்பே இல்லை. தெரியாத ஒன்றைத் தன் வீட்டு வாசலில் இரவு முழுக்க ஓட விடுவதற்கு யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள். வண்டி விற்கும் இடத்திலிருந்து ஒரு பையன் வந்து லைன் பார்ப்பான், அவன் சரி என்று சொன்னால் யோசியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அதற்குச் சரி என்றார்.

நூறு வாட் பல்பு

வந்த பையன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “சார், எர்த் இல்ல, சார்ஜர் எடுக்காது” என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். எந்தச் சுவரில் எந்த பிளக் என்றெல்லாம் இல்லை, வீட்டுக்கே இல்லை என்றான். எர்த் என்பது கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் பச்சைக் கம்பி. ஓனர் அம்மா நம்பவில்லை. மூணு பின் பிளக் இத்தனை இருக்கிறதே, எர்த் இல்லாமல் எப்படி என்றார். அவருக்கு நம்பிக்கையானவர் எங்கள் பகுதியில் பல வருடமாக ஒயரிங் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் பாய். அவரை வரச்சொன்னோம்.

பாய் மீட்டர் கீட்டர் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு ஹோல்டரில் நூறு வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், முனையில் தோல் சீவிய செம்பு. ஓனர் அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஒயரைப் பேஸிலும் இன்னொன்றை நியூட்ரலிலும் வைத்தார். பல்பு பளீரென்று எரிந்தது. பிறகு நியூட்ரலில் இருந்த ஒயரை எடுத்து மேலே உள்ள பெரிய ஓட்டையில், எர்த் பின்னில், வைத்தார். பல்புக்குள் கம்பி மட்டும் ஒரு நொடி மங்கலாகச் சிவந்து அணைந்தது. திரும்பத் திரும்ப வைத்துக் காட்டினார். அதே சிவப்பு, அதே அணைப்பு. எங்கள் போர்ஷன், கீழ் போர்ஷன், பின்பக்க இரண்டு வீடு என்று பல்பைத் தூக்கிக்கொண்டு பாய் முன்னால் போக, பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே போனார்கள். ஒரு இடத்திலும் எரியவில்லை.

அப்புறம் மெயின் போர்டைக் கழற்றினார். எல்லா வீட்டிலிருந்தும் வரும் பச்சை ஒயர்கள் ஒரு முறுக்காகச் சேர்ந்து, அதிலிருந்து ஒரே ஒரு கம்பி சுவரோடு இறங்கி வாசலுக்குப் போயிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே பாய் நடந்தார். அது நான் டேப் பிடித்து அளந்த அதே காலி இடத்தில், தரையோடு அறுந்து, சிமென்ட் பூச்சுக்குள் முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு எர்த்தாக இருந்தது அடிபம்பின் இரும்புக் குழாய். பம்பு துருப்பிடித்துப் போனதும் குழாயைப் பிடுங்கி, மோட்டார் போட்டு, பிளாஸ்டிக் பைப் இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் வந்துவிட்டது. எர்த் அன்றோடு போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் எப்படி இருந்தது என்றால், தெரிந்துதான் இருந்தது. எங்கள் ஃபிரிட்ஜை வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று இழுக்கும். மகளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து ‘செருப்பு போட்டுத் தொடு’ என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். கீழ் வீட்டு அக்கா கிரைண்டர் போடும்போது மணைப் பலகை மேல் நின்றுதான் மாவு தள்ளுவார். பழைய வீடு, கடல் காத்து, அப்படித்தான் இருக்கும் என்று ஐந்து குடித்தனமும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு ஓனர் அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். பம்பைப் பிடுங்கியது அவர் வீட்டுக்காரர் இருந்த காலத்தில். “அப்போ இத்தனை வருஷமா இந்தப் புள்ளைங்க எல்லாம்…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பாய்தான் பேச்சை மாற்றினார். “இதோ பாருங்கம்மா, கார் வருதோ வரலையோ, குழி போட்டே ஆகணும்” என்றார். செலவில் பாதி நான் தருகிறேன் என்று அந்த அம்மாவே சொன்னார். நான் கேட்கவே இல்லை.

குழி தோண்டியது நானும் கீழ் போர்ஷன் அண்ணனும். கடப்பாரைக்குச் சிமென்ட் உடைந்து, செங்கல் ஜல்லி வந்து, பிறகு கறுப்பு மணல் வந்தது. நாலடி போவதற்குள் ஈரம். பாய் மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, “உப்பு ஏறின மண்ணு. குடிக்கத் தண்ணிதான் கெட்டுப்போச்சு, எர்த்துக்கு இதைவிட நல்ல மண்ணு கிடைக்காது” என்றார். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பு பைப்பை இறக்கி, சுற்றிலும் ஒரு அடுக்கு அடுப்புக்கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். புதிதாகத் தடித்த கம்பி போட்டு மெயின் போர்டு வரை இழுத்தார். காருக்கு மட்டும் மீட்டரிலிருந்து தனியாகத் தடித்த 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர், லோடு மீறினால் விழுகிற தனி எம்சிபி, லீக்கேஜ் வந்தால் உடனே விழுகிற ஒரு டிரிப்பர், வெளியில் மழை படாத மூடி போட்ட 15 ஆம்பியர் பாயிண்ட். எல்லாம் முடிந்து பல்பை எடுத்து ஃபிரிட்ஜ் பிளக்கின் எர்த் ஓட்டையில் வைத்தார். முழு வெளிச்சம். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

இதை நான் இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எலக்ட்ரிக் காரைப் பற்றிப் பேசும்போது ஆபத்து காரில் இருப்பதாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் ஆபத்து சுவரில் இருந்தது. ஃபிரிட்ஜும் கிரைண்டரும் அதைப் பொறுத்துக்கொண்டு ஓடின, நாங்களும் பொறுத்துக்கொண்டோம். எர்த் இல்லாவிட்டால் வேலை செய்யமாட்டேன் என்று நின்ற முதல் கருவி அந்தச் சார்ஜர். தொண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் ராயபுரத்திலும் இதே வயதுள்ள, இதே மாதிரி போர்ஷன் போர்ஷனாகப் பிரித்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அடிபம்புகள் போன காலமும் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். எத்தனை வீட்டில் பச்சைக் கம்பி தரையோடு நிற்கிறதோ என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்திருக்கிறது.

புகை எங்கே போகிறது

இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு இன்னொரு அபிப்பிராயத்தைத் தாண்டிப் போக முடியாது. எண்ணூரில் என் நண்பர் ஒருவர், கழிமுகத்தில் மீன்பிடிக்கும் குடும்பம். “உன் வண்டிக்குப் புகை இல்லன்ற. அந்தப் புகை எங்க ஊர்லதான வருது” என்றார். அவர் வீட்டு மாடியில் நின்றால் அத்திப்பட்டு பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையம் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, வல்லூர் 1,500, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டம் 800. எண்ணூரில் 450 மெகாவாட் பழைய நிலையம் 2017-இல் மூடிவிட்டாலும், சாம்பல் கொசஸ்தலை ஆற்றை விட்டு இன்னும் போகவில்லை. நகரம் முழுக்க ஏசி ஓட, இறால் பிடிக்கும் இடத்தில் சாம்பல் படிந்ததைப் பார்த்தவர் கேட்கும் கேள்விக்கு வாய்ச்சவடாலாகப் பதில் சொல்லக்கூடாது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. நூறு கிலோமீட்டருக்கு 12 யூனிட் என்றால் எட்டரை கிலோவுக்குப் பக்கம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு ஏழு லிட்டருக்கு மேல் குடித்தால் பதினாறு கிலோ. பாதிக்குப் பாதி குறைகிறது. காற்றாலை வீசும் மாதங்களிலும், பகலில் சூரிய மின்சாரம் வரும் நேரத்திலும் இன்னும் குறையும். ஆனால் மீதிப் பாதி எங்கே விழுகிறது என்று பார்த்தால் நண்பர் சொல்வது சரி. பாரிமுனையில் நான் விடாத புகையில் ஒரு பங்கு அவர் ஊருக்குப் போகிறது. என் வண்டியைச் சுத்தமான வண்டி என்று அவர் முன்னால் நான் சொல்வதில்லை. டிரெய்லர் வரிசைக்குள் நிற்கும்போது பக்கத்தில் நடந்து போகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் முகத்துக்கு நேரே புகை விடாத வண்டி, அவ்வளவுதான். அந்த அவ்வளவும் இந்த ரோட்டில் பெரிய விஷயம் என்றே நான் நினைக்கிறேன். சாம்பலைச் சரியாகக் கையாளச் சொல்லி எண்ணூர்க்காரர்கள் கேட்கும்போது, கரண்ட்டில் கார் ஓட்டுகிறவர்களும் கூடப் போய் நிற்க வேண்டும்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் பக்கம் தண்ணீர் நின்ற தெருக்களில் கரண்ட்டை நிறுத்தி வைத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் “கரண்ட் இல்லாத நாலு நாள் என்ன பண்ணுவ” என்று கேட்பது நியாயம். வானிலை எச்சரிக்கை வந்த அன்றே முழுதாகச் சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறேன். முழு சார்ஜில் அப்படிப்பட்ட நாட்களில் ஒரு வாரம் தாங்கும். பாட்டரிக்குள் லேசில் தண்ணீர் போகாது என்று எழுதியிருக்கிறது. அதை நம்பித் தண்ணீர் நிற்கும் கணேசபுரம் சுரங்கப்பாதைக்குள் யாரும் இறக்க வேண்டாம்.

சலுகை யாருக்கு

தமிழ்நாட்டில் எலக்ட்ரிக் வண்டிக்குச் சாலை வரி முழுக்கத் தள்ளுபடி என்று வந்தது. வண்டிக்கான ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதலும் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். எல்லாமே வண்டி வாங்குகிறவனுக்கும், தன் பெயரில் மீட்டர் வைத்திருக்கிறவனுக்கும்தான் உதவுகிறது. வாடகைக்கு இருக்கிறவன் பாயிண்ட் கேட்டால் ஓனர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குக் கையில் காட்ட ஒரு காகிதம் கிடையாது. எங்கள் வீட்டில் நடந்தது ஒரு அம்மாவின் நல்ல மனதால் நடந்தது. அடுத்த தெருவிலும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பி யாரையும் வண்டி வாங்கச் சொல்ல என்னால் முடியாது. வண்டிக்குக் கொடுக்கும் சலுகையில் ஒரு பகுதியை எடுத்து, பழைய வீடுகளில் எர்த் சோதித்துச் சரிசெய்து கொடுத்தால் கார் வாங்காத நாலு குடித்தனத்துக்கும் சேர்த்து அது போய்ச் சேரும். டாக்ஸி தம்பி மாதிரி தெருவில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குச் சந்து முனையில் மெதுவாக ஏறுகிற 15 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று, காசு போட்டு எடுக்கிற மாதிரி இருந்தால் போதும். ராத்திரி முழுக்க வண்டி சும்மாதானே நிற்கிறது. இரண்டையும் எழுதி ஏரியா சபைக் கூட்டத்துக்கு மனுவாகக் கொடுத்திருக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போது ஷோரூம் பெயரைச் சொல்வதற்கு முன்னால் பாயின் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். முதலில் பல்பை வைத்துப் பாருங்கள், வண்டியைப் பிறகு ஓட்டிப் பார்க்கலாம். அப்படிக் கேட்டுப் போன இரண்டு வீட்டில் கார் வரவில்லை, எர்த் வந்திருக்கிறது.

டீச்சரின் அசோசியேஷன் இன்னும் மசியவில்லை. கட்டடம் கட்டிக் கொஞ்ச வருடம்தான் ஆகிறது, அங்கே எர்த் நன்றாகவே இருக்கும் என்று பாய் சொல்கிறார். பயம் இருப்பது பார்க்காததால். அவர்களின் அடுத்த கூட்டத்துக்கு என்னையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். பாயையும் அழைத்துக்கொண்டு போகிறேன். பல்பு, ஹோல்டர், டிரிப்பர், என் வீட்டு சப் மீட்டர் கணக்கு நோட்டு எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்து, லீக்கேஜ் கொடுத்தால் டிரிப்பர் எப்படி விழுகிறது என்று செய்தே காட்டச் சொல்லியிருக்கிறேன்.